எக்ஸ்ஏ21: ஒரு நெல் மரபணுவின் பெயர்

நெற்பயிரைப் பாக்டீரியா இலைக்கருகல் நோயிலிருந்து காக்கும் ஒரு மரபணுவுக்கு எக்ஸ்ஏ21 என்று பெயர். வண்டி எண் போலத் தோன்றினாலும் இதன் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் உண்டு.

எக்ஸ், ஏ என்பவை சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் நோய்க்கிருமியின் பெயரிலுள்ள முதல் இரண்டு இலத்தீன் எழுத்துகள். கிரேக்கத்தில் சாந்தோஸ் என்றால் மஞ்சள், மோனாஸ் என்றால் தனியன். ஆய்வகத் தட்டில் வளர்த்தால் இக்கிருமி மஞ்சள் திட்டுகளாகத் திரளும். இந்நோய் 1884இல் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அங்கே அதற்கு வழங்கும் பெயரின் பொருள் ‘இலை வெளுத்துக் காய்தல்’. நுனியில் தொடங்கி விளிம்பு நெடுக அலை அலையாக மஞ்சளித்து, கடைசியில் வைக்கோல் நிறத்தில் இலை வெளுக்கும். அந்தப் பெயர் இலையைப் பார்த்து எழுந்தது. அறிவியல் பெயர் கிருமியைப் பார்த்து எழுந்தது. நோயுற்ற இலையை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கலங்கல் இழையாக இறங்கும். அது முழுக்கக் கிருமிகள்.

‘ஒரைசே’ கிரேக்க ‘ஒரைசா’விலிருந்து வந்தது, நெல் என்று பொருள். நம் ‘அரிசி’தான் கிரேக்கத்துக்குப் போனது என்று கால்டுவெல் காலம் முதல் சொல்லி வருகிறோம். ஈரானிய மொழிகளின் வழியே சென்றது, வடமொழி ‘வ்ரீஹி’யோடு உறவுடையது என்போரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

21 என்பது வரிசை எண். இந்த மரபணு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து கிடைத்தது. அந்நெல்லின் பெயர் ஒரைசா லாஞ்சிஸ்டாமினாட்டா, அதாவது நீண்ட மகரந்தத்தாள் கொண்ட நெல். அதன் எதிர்ப்புத்திறன் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிப்பட்டது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தது. 1995இல் கலிஃபோர்னியாவில் பமீலா ரொனால்டின் குழு மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது உருவாக்கும் புரதம் ஓர் ஏற்பிக் கைனேஸ் என்று தெரிந்தது. கைனேஸ் என்ற சொல்லின் வேரும் கிரேக்கம்தான், பொருள் ‘இயக்குதல்’. புரதத்தின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நின்று, கிருமி வெளியிடும் ராக்ஸ்எக்ஸ் என்னும் சிறு புரதத்தை உணர்கிறது. உள்ளே இருக்கும் கைனேஸ் பகுதி பிற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றிச் சைகையைக் கடத்துகிறது. செடியின் தற்காப்பு அதனால் தூண்டப்படுகிறது.

இந்தப் பெயரில் இன்னொரு செய்தியும் உண்டு. இலத்தீன் எழுத்தில் எக்ஸ்ஏ21க்குப் பெரிய எழுத்து. எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 ஆகியவற்றுக்குச் சிறிய எழுத்து. பெரியது ஓங்கு மரபணு: ஒரு பிரதி இருந்தாலே கிருமியை உணர்ந்து சைகை தரும். சிறியது ஒடுங்கு மரபணு: இரண்டு பிரதிகளும் வேண்டும். காரணம் கிருமியின் தந்திரத்தில் இருக்கிறது. அது செடிக்குள் ஒரு புரதத்தைச் செலுத்தி, சர்க்கரையை வெளியே கடத்தும் மரபணுவை முடுக்கிவிட்டுத் தனக்கு உணவு தேடிக்கொள்கிறது. எக்ஸ்ஏ13இல் அந்தப் புரதம் பற்றும் இடமே மாறியிருக்கிறது. எக்ஸ்ஏ5இல், அப்புரதம் துணைக்குப் பிடிக்கும் செடியின் சொந்தப் புரதம் மாறியிருக்கிறது. மாறாத பழைய பிரதி ஒன்று மிஞ்சினாலும் கிருமிக்கு அது போதும்.

இம்மூன்றையும் சேர்த்து ஐதராபாத் விஞ்ஞானிகள் உருவாக்கிய மேம்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியிடப்பட்டது. அதன் மூல ரகமான பிபிடி 5204தான் நம் உழவர்கள் ‘ஆந்திரா பொன்னி’ என்று அழைக்கும் நெல்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. மூன்று பெயர்களையும் அப்படியே எழுதினால் அவை ஒரே வகையாகிவிடும்; செடி காக்கப்படும் இரு வேறு வழிகளும் மறைந்துபோகும். ‘ஓங்கு’, ‘ஒடுங்கு’ என்ற சொற்கள் நம் பள்ளிப் பாடநூல்களிலேயே இருக்கின்றன. ஓங்கு எக்ஸ்ஏ21, ஒடுங்கு எக்ஸ்ஏ5, ஒடுங்கு எக்ஸ்ஏ13 என்றே நம் வேளாண் நூல்கள் அச்சிட வேண்டும்.