மூட்டையோடு முடியும் லேபிள்

சோடியம் சல்பைடு பார்வைக்குச் சாது. மஞ்சளும் செம்மண் நிறமும் கலந்த சில்லுகள். நூற்றுக்கு அறுபது பங்கு போல சல்பைடு, மிச்சம் பெரும்பாலும் நீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலில் சுண்ணாம்போடு இதைச் சேர்த்துத்தான் தோலின் முடியைக் கழிக்கிறார்கள்.

ரசாயன ஆலையை விட்டுக் கிளம்பும்போதே அதற்கு லேபிள் உண்டு. ஐ.நா. 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறைப்படி என்றால், சிவப்பு விளிம்புக் கட்டங்களுக்குள் மண்டையோடு, கையை அரிக்கும் திரவம், செத்த மீன். லாரியில் ஏறினால் 1849 என்ற ஐ.நா. எண். ஆபத்தான சரக்கை ஓட்டுபவருக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். மூட்டையைப் பிரித்துக் கொட்டுபவருக்கு அந்த விதி பொருந்தாது. அவருக்காக வந்தது வேறொன்று: போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவு. 2025இல் அந்தச் சட்டம் விலக்கப்படும்வரை, வேலையில் உள்ள ஆபத்தைத் தொழிலாளியிடம் சொல்லியாக வேண்டும் என்றது அது. ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள் லேபிளையும் பாதுகாப்புத் தகவல் தாளையும் கட்டாயமாக்கின.

படங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தோல் தொழிலில் ஆளைக் கொல்லும் சங்கதி அவற்றில் இல்லை. அமிலம் பட்டால் சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். இதற்கென்று ஒரு படம் கிடையாது. ஐரோப்பியச் சட்டம் இதைத் துணை வாசகமாக வைத்திருக்கிறது. மற்றபடி, 16 பகுதிகள் கொண்ட தகவல் தாளில் 10ஆம் பகுதிவரை பொறுமையாகப் படிப்பவருக்குத்தான் இது கிடைக்கும். மூட்டைக்குள் இருக்கும் பொருளை நினைத்து எழுதிய லேபிள் அது; அந்தப் பொருள் போகிற இடத்தில் யாரைச் சந்திக்கும் என்று யோசித்து எழுதியதல்ல.

சில்லுகள் சுண்ணாம்பு நீரில் விழுந்ததும் லேபிளின் வேலை முடிந்தது. சல்பைடின் பயணம் முடியவில்லை. முடியைக் கரைத்துவிட்டுக் கழிவுநீராக ஓடுகிறது. தோலை உப்பிலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்த கழிவு வேறொரு பக்கமிருந்து வருகிறது. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை வாயு நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் அடங்கிவிட்டதென்று தோன்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் வாயு அடியிலேயே தங்கும். தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுவது இதனால்தான்.

இந்த இடத்துக்கும் அதே தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு காகிதம் இருந்தது, 36ஆம் பிரிவு. தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, உள்ளே ஆபத்தான வாயு இல்லையென்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டியிருந்தது. பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டியிருந்தது.