ஊர் சுமந்த செலவு: கேரளத்தில் வலி தணிப்புச் சிகிச்சை

குணமாக்க இயலாத நோயில் வலியையும் மூச்சுத்திணறல் போன்ற பிற துன்பங்களையும் குறைத்து, நோயாளியின் குடும்பத்துக்கும் துணைநிற்கும் மருத்துவமே வலி தணிப்புச் சிகிச்சையாகும். 1986-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா சதன், இந்தியாவில் இதற்கென அமைந்த முதல் இறுதிக்கால இல்லமாகக் கருதப்படுகிறது. நன்கொடையால் நடக்கும் இத்தகைய இல்லங்களின் தொண்டு பெரிது. ஆயினும், படுக்கைகள் சிலவே என்பதால், நகரத்தை எட்ட வழியற்ற ஏழை நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் அவற்றின் வாசலுக்கு வெளியிலேயே நின்றனர்.

பணத்தட்டுப்பாட்டைவிடக் கொடிய தடையைச் சட்டம் எழுப்பியது. கடும் புற்றுநோய் வலிக்கு இன்றியமையாத மார்ஃபின், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் பயிராகும் அபினிலிருந்து பெறப்படுவது, மலிவானதும்கூட. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுந்தண்டனைகளை விதித்ததோடு பல உரிமங்களையும் கோரியதால், மருத்துவமனைகள் அம்மருந்தை வாங்கவே அஞ்சின. நாட்டின் ஆண்டுப் பயன்பாடு 1997-இல் 18 கிலோ அளவுக்குச் சரிந்தது. அபினை விளைவித்து ஏற்றுமதி செய்த நாடு தன் நோயாளிகளை வலியில் விட்டது மன்னிக்கத்தக்கதன்று.

1993-இல் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வேறு சிலரும் சேர்ந்து கோழிக்கோட்டில் ஒரு வலி தணிப்புச் சங்கத்தை நிறுவினர். சங்கம் இயங்கிய மருத்துவக் கல்லூரியின் புறநோயாளர் பிரிவுக்கு வர இயலாதவர்களே மிகுதியாகத் துன்புறுகின்றனர் என்பது தெளிவானபோது, பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் நோயாளியை அவரது வீட்டிலேயே கவனிப்பதும், செவிலியரும் மருத்துவரும் அங்கு செல்வதுமான அக்கம்பக்க வலையமைப்பு, 2000-ஆம் ஆண்டையொட்டி மலப்புரம் மாவட்டத்தில் உருப்பெற்றது. கூலித்தொழிலாளரும் கடைக்காரரும் மாணவரும் தந்த சிறுதொகைகளே அதன் நிதியாயின. கொடுத்தவர்கள் அந்த ஊராரே என்பதால், யாருக்கு உதவி எட்டவில்லை என்பதையும் அவர்களே அறிந்திருந்தனர். எந்தப் பெருங்கொடையாளராலும் தர இயலாத அறிவு அது.

2008-இல் கேரள அரசு வலி தணிப்புக் கொள்கையை அறிவித்த பின்னர், ஊராட்சிகள் தம் திட்ட நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கின. இங்குதான் ஈகை உரிமையாக மாறியது எனலாம். மருந்துத் தடை தளர மேலும் சில ஆண்டுகள் ஆயின: 2014-இல் திருத்தப்பட்ட சட்டம், மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே வகை விதிகளை வகுத்து, மருத்துவ நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் பொறுப்பை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒப்படைத்தது.