கூப்பிடும் சொல்லில் ஒரு சரித்திரம்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை அரச ஆவணங்களில் மட்டும் தேடினாற் போதாது என்பது எனது எண்ணம். வீட்டிலே மூத்தோரைப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கோவாவின் கொங்கணி மொழி இதற்கு நல்லதோர் உதாரணம்.

போர்த்துக்கேயர் 1510 இல் கோவாவைக் கைப்பற்றினர். 1684 இல் அவர்களது அரசப் பிரதிநிதி ஒரு கட்டளை பிறப்பித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் மக்கள் கொங்கணியைக் கைவிட்டுப் போர்த்துக்கேய மொழியையே பேச வேண்டும் என்பது அதன் சாரம்.

கட்டளை பலித்ததா? கத்தோலிக்க இல்லங்களுக்குள் ஓரளவு பலித்தது என்றே சொல்வேன். தாயையும் தந்தையையும் குறிக்கக் கொங்கணியில் ‘அவய்’, ‘பாபுய்’ என்ற சொற்கள் உண்டு. ஆயினும் நேரே கூப்பிடும்போது ‘மாய்’, ‘பாய்’ என்ற போர்த்துக்கேயச் சொற்களே பலருடைய வாயில் வந்தன. மூத்த சகோதரியும் ‘மானா’ ஆனாள்.

ஆனால் ஊர்ப் பெரியவரின் பெயரோடு ‘பாப்’ என்றும், பெண்களின் பெயரோடு ‘பாய்’ என்றும் மரியாதைக்குச் சேர்க்கும் வழக்கம் மாறவில்லை. இந்துக்களும் கத்தோலிக்கரும் அதனைப் பொதுவாகவே பேணினர்.

இன்னொரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. மாலைச் செபம் முடிந்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் பெரியவர்கள் முன் கைகூப்பி நின்று ‘பெசாவ்’ கேட்பார்கள். ஆசீர்வாதம் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. சொல் கடல் கடந்து வந்ததுதான். மூத்தோர் முன் கைகூப்பி ஆசி பெறும் பண்போ அந்த மண்ணுக்குப் பழையது. நன்றி சொல்லும்போதும் ‘தேவ் பொரேம் கொரூம்’, அதாவது ‘இறைவன் நன்மை செய்வாராக’ என்று கொங்கணியிலேயே சொன்னார்கள்.

இத்தகைய சொற்கலப்பை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் 1855 இல் கோவாவிற் பிறந்த செபஸ்தியாவோ ரொதோல்போ தல்காதோ அடிகளார். அவர் எமது இலங்கையிலும் பணியாற்றியவர். 1893 இல் கொங்கணி அகராதியை வெளியிட்டார். 1900 இல் இலங்கையின் போர்த்துக்கேயப் பேச்சு வழக்கைப் பற்றியும் நூல் தந்தார்.

போர்த்துக்கேய ஆட்சி 1961 இல் முடிந்தது. 1684 இல் விலக்கப்பட்ட கொங்கணி, 303 ஆண்டுகளின் பின், 1987 இல் கோவாவின் ஆட்சிமொழியாயிற்று.

இன்று எம் பிள்ளைகளுக்கு மாமாவும் சித்தப்பாவும் ஒரே ‘அங்கிள்’. மாமியும் சின்னம்மாவும் ஒரே ‘அன்ரி’. இதற்கு எந்த அரசனும் கட்டளையிடவில்லை. சொல் மாறுவதைத் தடுப்பது எளிதன்று. ஆனால் மாறிய சொல்லுக்குள்ளும் பழைய மரியாதையைக் காத்தார்கள் கோவா மக்கள். நாம் காக்கிறோமா என்பதே எனது கேள்வி.