சோதனைக்குப் பதில் சொல்லும் புத்தகம் பிறந்த கதை

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்படுவது, இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட நற்செய்திப் பகுதி. நாற்பது நாள் நோன்பிருந்து பசித்திருந்தவரிடம் அலகை மூன்று முறை வருவதாக மத்தேயுவும் லூக்காவும் விரித்துரைக்கிறார்கள். கல்லை அப்பமாக்கச் சொல்கிறது, கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறது, தன்னை வணங்கினால் உலக அரசுகளையெல்லாம் தருவதாக ஆசை காட்டுகிறது. மூன்று முறையும் இயேசு இணைச்சட்ட நூலிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துச் சொல்கிறார். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

இந்த மூன்று பதில்களைப் பின்பற்றி ஒரு முழுப் புத்தகமே பிறந்தது. 1,600 ஆண்டுகளுக்கும் முன்பு எகிப்தின் பாலைவனத்தில் அதை எழுதியவர் எவாக்ரியுஸ் என்ற துறவி.

கருங்கடலை ஒட்டிய பொந்து நாட்டில் 345-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் அவர். நசியான்சு கிரகோரியார் அவரைத் திருத்தொண்டராக்கினார். தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் வாதத் திறமையால் பெயர் பெற்றார். அந்தப் புகழின் நடுவில்தான், உயர்குடியைச் சேர்ந்த, இன்னொருவரின் மனைவியான பெண் மீது அவர் மனம் சென்றது. விடுபட முடியாமல் மன்றாடினார். தாம் சிறைப்பட்டிருப்பதாகவும், ஊரைவிட்டுப் போவதாக நற்செய்தி நூலின் மேல் ஆணையிடுவதாகவும் ஒரு கனவு கண்டார். விழித்தவுடன் எருசலேமுக்குக் கப்பலேறினார் என்று அவருடைய சீடர் பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார்.

எருசலேமிலும் பழைய பகட்டு திரும்பியது. காய்ச்சலில் விழுந்து மாதக்கணக்கில் கிடந்தார். அங்கே மடம் நடத்திவந்த மெலானியா அம்மையார் அவர் மறைத்ததை வெளியே கொண்டுவந்து, துறவு வாழ்வுக்கு வாக்கு வாங்கினார். 383-ஆம் ஆண்டையொட்டி எகிப்து சென்ற எவாக்ரியுஸ், முதலில் நித்திரியாவிலும் பிறகு கெல்லியாவிலும் தனிக்குடிலில் வாழ்ந்து 399-இல் இறந்தார்.

நகரம் தொலைவில் இருந்தது. எண்ணங்களோ அவரோடு குடிலுக்குள் வந்துவிட்டன. அவற்றை அவர் கூர்ந்து கவனித்து எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பணத்தாசை, சோகம், கோபம், சோர்வு, வீண்புகழ், செருக்கு. நோன்பிருப்பவனிடம் பெருந்தீனி விருந்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைக் கண்டுகொண்டார். "வயிறு கெடும், ஈரல் கெடும், இங்கே வைத்தியர்கூட இல்லையே" என்று அக்கறையோடு பேசுமாம். சோர்வு காலை பத்து மணியளவில் வரும். சூரியன் நகராததுபோல் தோன்றும். துறவி யாராவது வருகிறார்களா என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சக துறவி ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எவாக்ரியுஸ் எழுதிய நூல்தான் 'எதிர்த்துப் பேசுதல்'. எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள், ஏறக்குறைய 500 குறிப்புகள். ஒவ்வொன்றிலும் முதலில் சோதனையின் பேச்சு, பிறகு அதற்கு விடையாக ஒரு விவிலிய வசனம். சில வசனங்கள் எண்ணத்தை விரட்டும், சில சோர்ந்த ஆன்மாவைத் தேற்றும், சில ஆண்டவரை உதவிக்கு அழைக்கும். போராட்ட நேரத்தில் ஏற்ற சொல் சட்டென்று அகப்படாது, வசனங்கள் விவிலியம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன, அதனால்தான் தொகுத்தேன் என்று முன்னுரையில் காரணம் சொல்கிறார். வழிகாட்டியாக அவர் காட்டுவதும் பாலைநிலத்தில் பதிலளித்த இயேசுவைத்தான்.

பிற்காலத்தில் அவருடைய போதனைகள் சில கண்டனத்துக்கு உள்ளாயின. இந்த நூலின் கிரேக்க மூலம் அழிந்துபோக, சிரியாக், ஆர்மேனிய மொழிபெயர்ப்புகள் தப்பின. அவருடைய எட்டு எண்ணங்களைத் துறவி யோவான் காசியான் மேற்குக்குக் கொண்டுபோனார். திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவற்றைத் திருத்தி அமைத்ததே இன்று நாம் மறைக்கல்வியில் படிக்கும் தலையான பாவங்கள் ஏழு.

பல்லைக் கடித்துக்கொண்டு நாம் எதிர்க்கும் ஆசை, நமக்குக் களைப்பு வந்ததும் வென்றுவிடும். முன்னதாகவே பதில் வைத்திருப்பவரிடம் அதற்கு வாய் அடைத்துவிடும். இந்தத் தவக்காலத்தில் புலாலை விடுங்கள், சிலுவைப்பாதைக்குச் செல்லுங்கள். கூடவே, உங்களை அடிக்கடி வீழ்த்தும் ஒரே ஒரு சோதனையை அடையாளம் காணுங்கள். அதற்கு ஏற்ற ஒரு வசனத்தை விவிலியத்தில் தேடி மனப்பாடம் செய்யுங்கள். அந்தச் சோதனை வரும்போது வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்.