இணைய வணிகமும் வலை ஓம்பல் தேர்வும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுக்கும் மொத்த வணிகத்துக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள கடைக்குக் கதவு எண் எப்படியோ, இணையக் கடைக்குத் தளப்பெயர் அப்படி. அக்கடையின் பக்கங்களை வழங்கிக் கணினியில் வைத்து எந்நேரமும் இயங்கச் செய்யும் வாடகைச் சேவையே வலை ஓம்பல் எனப்படும் வெப் ஹோஸ்டிங்.

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. 1998-இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. அக்காலத்தில் அமெரிக்காவின் ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் தந்தது. தமிழ்ப் பக்கங்களும் அங்கே அமைந்தன. 1999-இல் அதை வாங்கிய யாகூ, அமெரிக்கச் சேவையை 2009 அக்டோபரில் மூடியது. ஜியோசிட்டீஸ் பெயரோடு ஒட்டியிருந்த முகவரிகள் அத்துடன் அழிந்தன.

சொந்தத் தளப்பெயர் உடையோர்க்கு இந்த இழப்பு இல்லை. வழங்கியை மாற்றினாலும் முகவரி மாறாது. 2005-இல் ‘டாட் இன்’ பெயர்ப்பதிவு அனைவருக்கும் திறக்கப்பட்டபின் இந்திய வணிகர்க்கு இது எளிதாயிற்று.

ஆகவே முதலாண்டுத் தள்ளுபடியைவிட மூன்று கேள்விகள் முக்கியமானவை: தளப்பெயர் யார் பெயரில் பதிவாகிறது? தரவின் காப்புப்படி வணிகர் கைக்குக் கிடைக்குமா? புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு?