ஒருபுறம் சாய்ந்த மின்னோட்டம்



1944ஆம் ஆண்டு. உலகப் போரின் நடுவே இங்கிலாந்திற் பணியாற்றிய ஜோன் மலின் என்னும் அமெரிக்கப் படைப் பொறியியலாளர், இரவிலே ஜேர்மன் வானொலியைக் கேட்பதுண்டு. நள்ளிரவு கடந்த பின்னரும் பெரிய வாத்தியக் குழுவின் இசை அங்கிருந்து தெளிவாக வந்தது. இசைத்தட்டாயின் ஊசி உராயும் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அவ்வோசை இல்லை. அவ்வேளையிலும் கலைஞர்கள் கூடியிருந்து வாசிக்கின்றனரோ என அவர் வியந்தார். இப்புதிரை அவிழ்க்க நாம் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பவுல்சன், 1898இல் உருக்குக் கம்பியிலே காந்த முறையில் ஒலியைப் பதியும் கருவியை ஆக்கினார். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரலும் அதிற் பதிவாயிற்று. ஆயினும் ஒரு குறை இருந்தது. மெல்லிய மின்னோட்டத்துக்கு இரும்பு அளவொத்துக் காந்தமாவதில்லை. ஆதலால் ஒலி சிதைந்தது. இதனைத் தீர்க்க, ஒரே திசையிற் பாயும் நேரோட்டத்தையும் ஒலியோடு சேர்த்துச் செலுத்தினர். சிதைவு குறைந்தது, இரைச்சலோ மிகுந்தது. பேச்சு ஓய்ந்த வேளையிலும் காந்தம் ஒருபுறம் சாய்ந்தே நின்றமையால், காந்தப்பொருளின் சீரின்மை முழுவதும் காதில் விழுந்தது. 1935இல் பேர்லினிற் காட்டப்பட்ட மக்னற்றோபோன் என்னும் நாடாக் கருவியும், 1936 நவம்பரில் சேர் தோமஸ் பீச்சம் லுட்விக்ஸ்காபனில் நடத்திய கச்சேரியின் பதிவும் இக்குறைக்கு விலக்கல்ல.

1940இல் ஜேர்மன் வானொலியின் ஆய்வாளர் வோல்ட்டர் வேபர் ஒரு விந்தையைக் கண்டார். ஒலிபெருக்கும் சுற்று ஒன்று பழுதுற்றுத் தானாகவே அதிரத் தொடங்கிற்று. அப்பொழுது எடுத்த பதிவில் இரைச்சல் பெரிதும் அடங்கியிருந்தது! பழுதென்று தள்ளிவிடாது அவர் அதன் காரணத்தைத் தேடினார். காதுக்கு எட்டாத வேகத்தில் இருபுறமும் மாறி மாறிப் பாயும் ஆடலோட்டமே அக்காரணம். 1927இலேயே அமெரிக்காவில் கால்சன், காப்பென்டர் இருவர் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தும், அது பெரிதும் கவனிக்கப்படாது கிடந்தது. 1941 யூன் 10ஆம் நாள் பேர்லினில் இப்புதிய பதிவு பலரறியக் காட்டப்பட்டது.

இதன் உயிர்நிலை சமன்பாடே. தராசின் இரு தட்டுகள்போல அலையின் இருபுறமும் ஒத்திருந்தால், மௌன வேளையில் நாடாவிற் காந்தம் எஞ்சுவதில்லை. ஒருபுறம் ஓங்கினால், மறைந்து நிற்கும் நேரோட்டம்போல அது இரைச்சலை மீட்டுக் கொணரும். பதிவுத் தலையிற் காந்தம் தங்கினும் அதே விளைவுதான். அதனை நீக்குவது நாடாவோடு பழகிய கலைக்கூடங்களில் வழக்கமான பணியாயிற்று. மனிதக் குரலின் அலை இயல்பாகவே இருபுறமும் ஒத்திராது, அது குற்றமன்று. அதன் சராசரி பூச்சியத்திலேயே நிற்கும். சராசரியே இடம்பெயர்வதுதான் குற்றம். கணினியிற் பதியும் இக்காலத்திலும் பொறியியலாளர் அதனைத் தேடித் திருத்துகின்றனர்.

1945இல் மலின், பாட் நௌகைம் நகரிலே அக்கருவியை நேரிற் கண்டார். புதிர் அவிழ்ந்தது: அவர் இரவிற் கேட்டது நாடாவின் இசை, கலைஞர்கள் உறங்கியிருக்கலாம்! 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் அதனைப் பொறியியலாளர்க்கு இயக்கிக் காட்டினார். மறு ஆண்டில் பிங் கிறொஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் ஏறிற்று.

இரைச்சல் என்பது பதிவின் முத்திரையாகவும் இருந்தது. அது மறைந்த நாளிலிருந்து, தாம் கேட்பது நேரடிக் குரலா, முன்னரே பதிந்த குரலா என்பதை நேயர் செவியால் மட்டும் அறிய இயலாதாயிற்று. ஆகவே அதனை உண்மையாக அறிவிக்கும் கடன் ஒலிபரப்புவோரைச் சார்ந்தது.