ஏணை, இடுப்பு, வரப்பு: புதுச்சேரிக் கொம்யூன்களில் குழந்தை சுமந்த வரலாறு

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் பரந்திருக்கும் வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் கைக்குழந்தையை எதில் சுமப்பது, எதில் கிடத்துவது என்பதை முடிவுசெய்தது பெரும்பாலும் தாயின் விருப்பம் அன்று. அவளுடைய இரண்டு கைகளுக்கும் அன்றைக்கு என்ன வேலை இருந்தது என்பதே ஆகும். இவ்வட்டாரங்களைக் 'கொம்யூன்' என்று அழைக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சி 1880இல் பிறப்பித்த உள்ளாட்சி ஆணையிலிருந்து வருகிறது. அப்போது புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று நான்காக இருந்த கொம்யூன்கள் 1907இல் எட்டாகப் பிரிக்கப்பட்டன. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிய பின்னும் அப்பெயர் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற வடிவில் நிலைத்துவிட்டது. நிர்வாகத்துக்கு இப்படி ஆணைகளும் ஆண்டுகளும் இருக்க, குழந்தை சுமந்த முறைக்கு அத்தகைய ஆவணம் எதுவும் எழுதப்படவில்லை. அதன் வரலாற்றை வயலின் வேலைமுறையிலிருந்தும், துணியிலிருந்தும், இன்றும் மறையாத வழக்கங்களிலிருந்துமே திரட்டவேண்டியிருக்கிறது.

இவ்விரு வட்டாரங்களும் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்தவை. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரியும், தெற்கே தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் வழியாகப் பெறும் பாகூர் ஏரியும் நெல் விளைவித்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விக் கழகத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்ததைப் பதிந்திருக்கிறது. கற்றவர்களுக்குச் சோறளித்த அந்நிலத்தில் நாற்றுப் பறித்தும், நட்டும், களை எடுத்தும் பாடுபட்டவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களில் பலர் பால்குடி மறவாத பிள்ளையை உடையவர்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் விளைந்த ஊர்களில், பிள்ளை பெற்றவள் வேலையிலிருந்து விலகி நிற்கக்கூடிய காலம் மிகக் குறுகியதாகவே இருந்திருக்கும்.

வயலுக்குப் போகும்போது குழந்தை இடுப்பில் இருந்தது. தலை நிற்கத் தொடங்கிய பிள்ளையைத் தாய் தன் இடுப்பெலும்பின் மேல் கால்களை அகல விரித்து உட்காரவைத்து, ஒரு கையால் முதுகை அணைத்துக்கொள்ளும் இம்முறைக்குத் தனித் துணி தேவைப்படவில்லை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும், இந்தியாவின் வடகிழக்கு மலைப்பகுதிகளிலும் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிச் சுமப்பதுபோல, தமிழ்ச் சமவெளியில் நிலைகொண்ட உழவுக் குடிகளிடம் கட்டிச் சுமக்கும் வழக்கம் பரவலாக வேரூன்றாததற்குக் காரணம் சுமையின் இடத்தில் இருப்பதாகக் கருதலாம். மலைப்பெண்கள் விறகையும் கூடையையும் முதுகில் ஏற்றுவதால் குழந்தையும் முதுகுக்குப் பழகியது. சமவெளிப் பெண்ணுக்கோ நெற்கட்டும் புல்லுக்கட்டும் தலையில், பிள்ளை இடுப்பில், கஞ்சித் தூக்கு மறு கையில் என்று உடம்பு வேறுவிதமாகப் பங்கிடப்பட்டிருந்தது. ஊர் ஊராக நடந்து பிழைத்த நரிக்குறவப் பெண்கள் மட்டும் ஒரு துணியைத் தோளில் குறுக்காகக் கட்டி அதற்குள் பிள்ளையை வைத்துச் சுமந்தது, நாள் முழுதும் நடப்பவளுக்கும் இரண்டு கையும் விற்பனைக்கு வேண்டியவளுக்கும் அதுவே ஏற்றது என்பதைக் காட்டுகிறது.

ஆனால் இடுப்பு வரப்பு வரைக்கும்தான் உதவும். நடவுக்காரி முழங்கால் அளவு சேற்றில் குனிந்தே பின்னோக்கி நகர்கிறாள். அவள் முதுகில் வெயில் நேராக விழுகிறது, புடவையின் கீழ்ப்பாதி நனைந்துகிடக்கிறது. அந்த உடம்போடு குழந்தையைக் கட்டமுடியாத நிலையில் வரப்போரத்து மரத்தில் தொங்கியதே ஏணை. தூளி என்றும் சொல்லப்படும் இது, ஒரு புடவையை மரக்கிளையின்மேலோ வீட்டு விட்டத்தின்மேலோ போட்டு, இரு முனைகளையும் முடிந்து, அடியில் உண்டாகும் வளைவில் குழந்தையைக் கிடத்தும் துணித்தொட்டில் ஆகும். வேம்பும் புங்கமும் வாய்க்கால்கரைப் பூவரசும் இதற்கு உகந்தவை. மரமில்லாத வெளியில் மூன்று மூங்கிலை முக்காலிபோல் நிறுத்தி அதன் நடுவே கட்டுவதும் உண்டு.

எந்தப் புடவையை எடுப்பது என்பதில் பெண்கள் வைத்திருந்த கணக்கு நுட்பமானது. புதுப்புடவை ஆகாது, கஞ்சிப்பசையும் சாயமும் போகப் பலமுறை துவைத்து, நூல் தளர்ந்து, தோலை உறுத்தாத நிலைக்கு வந்த பருத்திப் புடவையே வேண்டும். அதே சமயம் நைந்து இற்றுப்போனதும் ஆகாது. ஆகையால் கட்டுமுன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், கட்டியபின் முழங்கையை வளைவில் ஊன்றி எடையிட்டுப் பார்ப்பதும் வழக்கம். பாட்டியின் புடவையை முதல் ஏணைக்குப் பயன்படுத்தும் மரபை வெறும் பாசம் என்று விளக்கிவிடுவது எளிது. அந்த வீட்டில் அதிகம் துவைக்கப்பட்ட துணி அதுவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். குழந்தையின் முகத்தின்மேல் துணி இருபுறமிருந்தும் மூடிக்கொள்ளாதபடி, தலைக்கு மேலே குறுக்காக ஒரு கட்டை செருகப்படும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்த்தாமல் கட்டுவது நல்லது. விழுந்தாலும் அடி குறையும், வேலைநடுவே ஓடிவரும் தாய் உட்கார்ந்தபடியே பாலூட்டவும் முடியும். நைலக்சும் பிற செயற்கை இழைப் புடவைகளும் கிராமங்களில் பெருகிய பிறகு, மலிவும் உறுதியும் கருதி அவற்றில் கட்டியவர்கள், காற்றுப் புகாமல் பிள்ளைக்கு வியர்க்குரு கண்டபின் பருத்திக்கே திரும்பினார்கள்.

இலக்கியம் பாடிய தொட்டில் வேறு. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் பிரமன் அனுப்பும் தொட்டில் பொன்னும் மணியும் இழைத்தது; பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்திலும் தாலப் பருவம் என்று தனிப்பகுதியே உண்டு. நிலமுடையவர் வீட்டில் கடைசல் வேலை செய்த மரத்தொட்டில் சங்கிலியில் ஆடியது. சேரியிலும் கூலிக்குடியிலும் ஆடியது புடவை. இவ்விரண்டையும் 'தமிழர் தொட்டில்' என்று ஒரே பெயரில் அடக்கும் எழுத்துகள், ஒன்று ஓய்வுக்காகச் செய்யப்பட்டது, மற்றொன்று வேலைக்கருவி என்ற உண்மையை மறைத்துவிடுகின்றன.

இரண்டும் ஒன்றுசேரும் இடம் நேர்த்திக்கடன். பிள்ளை வரம் வேண்டுவோர் கோயில் மரத்தில் சிறு தொட்டில் கட்டுவதும், பிள்ளை பிறந்தபின் கரும்புத் தொட்டில் எடுப்பதும் தமிழகமெங்கும் அம்மன் கோயில்களில் காணப்படும் வழக்கங்கள். முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையை ஏணையாகத் தொங்கவிட்டு, குழந்தையைக் கிடத்தி, தந்தையும் தாயும் முன்னும் பின்னுமாகத் தோளில் தாங்கிக் கோயிலை வலம்வருவார்கள். தகப்பன் தோளுக்கும் பங்கு வரும் அரிய சந்தர்ப்பம் அது. கரும்பு விளையும் இவ்வூர்களில் அதற்கான கழிகளை வெளியே தேடவேண்டியதில்லை.

ஏணையின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஆள் அக்கா. தாய் நடவு வரிசையில் இருக்கும்போது ஏணையை ஆட்டியதும், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டதும், அழுதால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டதும் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளைதான். தம்பியைச் சுமந்த காரணத்தால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்களின் தலைமுறைகள் இக்கிராமங்களில் உண்டு. துணித்தொட்டிலின் எளிமையைப் புகழும் எவரும் இந்த விலையையும் சேர்த்தே சொல்லவேண்டும். தொழிற்சாலைப் பெண்களுக்காக 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைகள் காப்பறையைக் கட்டாயமாக்கியது. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் இடம் என்றிருந்த வரம்பு 1976இல் முப்பதுக்கு மேல் என்று குறைக்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் 'பிள்ளைக் காம்பரா' என்று அழைத்த காப்பகமும் இத்தகையதே. நெல்வயலுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியபின் ஊர்தோறும் வந்த பால்வாடி, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளையையே பகலில் வைத்துக்கொண்டது. கைக்குழந்தை ஏணையிலேயே இருந்தது. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம்தான், ஒரு வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்குக் குறையாமல் வந்தால், பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்கும் பணிக்கு அமர்த்தி அவருக்கும் கூலி தரவேண்டும் என்று எழுதியது. அக்கா கூலியின்றிச் செய்த வேலை கூலிக்குரியது என்று சட்டம் ஏற்றுக்கொண்டது அதன் பெரிய செய்தி.

பட்டையும் கொக்கியும் வைத்துக் கடைகளில் இன்று விற்கும் குழந்தைச் சுமைப்பை, துணியில் சுமந்த நாடுகளிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த 'கினே' என்னும் நீலத்துணி செனெகலுக்கு ஏற்றுமதியாகி, அங்கே பிசின் வணிகத்தில் பணம்போலவே கைமாறியது. குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களின் உலகோடு இவ்வூர்த் தறிகளுக்கு அன்றே தொடர்பிருந்தது. அதே மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1960களில் செவிலியாகப் பணிபுரிந்த அமெரிக்கர் ஆன் மூர், அங்கே கண்ட முறையைத் தன் தாயின் உதவியோடு பையாகத் தைத்து 1969இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பையின் வழித்தோன்றல்களே இப்போது புதுச்சேரி நேரு வீதிக் கடைகளுக்கு வந்திருக்கின்றன.

மருத்துவம் இவ்வழக்கங்களை இரண்டு விதமாகவும் தீர்ப்பிட்டிருக்கிறது. கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டும் சமூகங்களில் குழந்தைகளின் இடுப்பு மூட்டு விலகும் குறைபாடு மிகுதி. கால் விரித்துச் சுமக்கும் சமூகங்களில் குறைவு. ஜப்பானில் 1970களின் நடுவில் கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நடந்த பிரசாரத்துக்குப்பின் அக்குறைபாடு வெகுவாகக் குறைந்தது. இடுப்பில் விரித்து உட்காரவைக்கும் தமிழ்த்தாயின் முறை மூட்டுக்கு நல்லது. கனடாவில் ஹன்சிகர், பார் என்னும் ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் நேரம் தூக்கிச் சுமக்கப்பட்ட ஆறு வாரக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. மறுபுறம், வளைவான துணியில் தாடை மார்பில் படிந்தால் பச்சிளங்குழந்தையின் மூச்சுவழி அடைபடும். தோள்துணிகளால் இருபது ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010இல் எச்சரித்தது. இறந்தவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிறையாதவர்கள். ஏணைக்கும் அதன் ஆபத்து உண்டு: நடக்கப் பழகிய பிள்ளைகள் தொங்கும் புடவையை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. குழந்தை ஏணையில் இல்லாத நேரத்தில் புடவையைச் சுருட்டி மேலே ஏற்றிக் கட்டுவது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

இப்போது நடவுக்குப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிறு சரக்கு வண்டிகளில் தொலைவூர்களுக்குப் போகிறார்கள். சேதராப்பட்டு, திருபுவனைத் தொழிற்பேட்டைகளுக்குப் போகும் இளம்பெண்களைக் கம்பெனிப் பேருந்து ஏற்றிச்செல்கிறது. இரு சாராரின் பிள்ளையும் வீட்டில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருக்கிறது. வரப்பு மரத்திலிருந்து ஏணை இவ்வாறு வீட்டுக்குள் வந்துவிட்டது. கூரைவீட்டின் விட்டம் இல்லாத மாடிவீடுகளில், கான்கிரீட் தளம் போடும் நாளிலேயே மின்விசிறிக் கொக்கிக்கு அருகே ஏணைக்கென்று இன்னொரு கொக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைக்கும்படி கொத்தனாரிடம் வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்.